கசப்புத் தண்ணீரில் வரைந்த முகம்

படம் வரைய எனக்கு வரும். வரைந்ததை நாலு பேரிடம் கொண்டுபோய், 'நல்லா இருக்குது, பாருங்க' என்று சொல்லத்தான் வராது. மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன். ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், செத்தவர்கள் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தில் மாலை வைத்துக் கொடுப்பது, எல்லாம் நான்தான். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வாட்டர் கலரில் எதையாவது வரைவேன். கடை முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். அந்த மட்டும் நல்ல மனுஷன்.

வரைவதோடு நிறுத்தியிருந்தால் எந்த வம்பும் இல்லை. ஆனால் எனக்கு ஆசை இருந்தது. நாலு பேர் பார்க்க வேண்டும், இவள் நன்றாக வரைகிறாள் என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. அதை ஏன் மறைக்க வேண்டும்? வயிற்றுப் பசி மாதிரி அதுவும் ஒரு பசிதான். முதலில் சின்னச் சின்ன கார்டு அடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். முன்பக்கம் உப்பளப் படம், கீழே என் போன் நம்பர். ஒரே வாரத்தில் பாதிக் கட்டு காலியாகிவிட்டது. பூரித்துப் போனேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கிராம நிர்வாக அலுவலர் நம்பரை எழுதிக்கொள்ள வசதியாக இருந்திருக்கிறது. ஒருவர் என் கண் முன்னாலேயே எழுதினார். பேனாவையும் நான்தான் கொடுத்தேன்.

அப்புறம் போனில் ஒரு பேஜ் ஆரம்பித்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டால்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஏழு மணிக்கு நான் தோசை சுட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். தோசை தீய்ந்ததுதான் மிச்சம். என் இரண்டு நாத்தனார்களும், கூடப் படித்த ஒருத்தியும், மனை விற்கிற ஆள் ஒருவரும் தவறாமல் லைக் போடுவார்கள். அந்த மனை விற்கிறவர் எல்லாருக்கும் போடுகிறவர். என் சித்தி ஒருத்தி ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, "இந்தப் போட்டோ நல்லா எடுத்திருக்கியே, எந்த போன்ல?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர். நிலத்தடி உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது அவர் வேலை. போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கூடவே கலர் பெட்டியையும் அட்டையையும் பையில் போட்டுக்கொண்டேன். வரப்பில் உட்கார்ந்து அட்டையை விரித்த பிறகுதான் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. எதிரே ஒரு பாத்தியில் அப்போதுதான் உப்பு வாரி முடித்திருந்தார்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சி நின்றது. வெளிர் ரோஜா நிறத்தில் அவ்வளவு அழகு. பிரஷை அதிலேயே தோய்த்தேன்.

"ஏய், அது கசப்புத் தண்ணிடி," என்றார் கஞ்சியைக் குடித்துக்கொண்டே. "அதுல போட்டா காயவே காயாது."

எனக்குத் தெரியாதா? உப்பளத்தில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உப்பு விளைந்ததும் வாரிவிட வேண்டும். மிஞ்சுகிற தண்ணீர் நாக்கில் வைத்தால் கசக்கும், தொட்டால் எண்ணெய் மாதிரி வழுக்கும். அதை வாய்க்காலில் வெட்டி வெளியே விட்டுவிட வேண்டும். அடுத்த விளைச்சலில் அது கலந்தால் அந்த உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு கசியும், மூட்டை நனையும். உப்பளத்துக்காரன் பெண்டாட்டிக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அடித்த வெயிலில் படம் பத்தே நிமிஷத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. வானம் வரைந்த இடத்தில் பொடிப்பொடியாக மினுங்கியது. மூட்டைக்குத்தான் அந்தச் சட்டம், காகிதத்துக்கு இல்லை என்று நானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். "பாத்தியா, காஞ்சிடுச்சு," என்று அவரிடம் காட்டவும் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் போனை எடுத்து, "ஓவியர் அம்மா உப்புத் தண்ணியில படம் போடுறாங்க, எல்லாரும் வந்து பாருங்க," என்று கிண்டலாக வீடியோ எடுத்தார்.

அவர் குரலை நீக்கிவிட்டு, பின்னால் ஒரு பாட்டைப் போட்டு, அதை ரீல்ஸாகப் போட்டேன். மேலே ஒரு வரி எழுத வேண்டும் இல்லையா. 'உப்பளத் தண்ணீரில் படம் வரைவது எங்கள் ஊர் வழக்கம்' என்று எழுதினேன். ஊர் வழக்கமாம்! எங்கள் ஊரில் வழக்கமாக வரைவது சுவரில் கட்சிச் சின்னம் மட்டும்தான். சும்மா எழுதினேன். பார்க்கப் போவது இரண்டு நாத்தனார்களும் மனை விற்கிறவரும்தானே என்கிற தைரியம்.

மறுநாள் கடையில் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கெங்கிருந்தோ ஜனங்கள். 'அக்கா சூப்பர்', 'நம்ம மண்ணோட கலை', 'எனக்கு ஒண்ணு வேணும்'. ஆதார் நகல் எடுக்க வந்தவருக்குக் கார்டின் முன்பக்கத்தையே இரண்டு தடவை அடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் திட்டினார். அந்தத் திட்டு என் காதில் ஏறவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாசம்தான். அதற்கு அப்புறம் நான் வேறு எதை வரைந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஜ்ஜிக் கடையை வரைந்தேன், பஸ்ஸில் தூங்குகிற பெண்ணை வரைந்தேன், எங்கள் கடையின் பழைய ஜெராக்ஸ் மெஷினை வரைந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் வரைந்ததிலேயே அந்த மெஷின்தான் உருப்படியான படம். கீழே ஒருவர், 'அக்கா இது உப்புத் தண்ணியா?' என்று கேட்டார். இல்லை என்றதும் போய்விட்டார். எல்லாருக்கும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும். நான் பிரஷைத் தோய்க்கிற வீடியோ வேண்டும். ஞாயிறு தவறாமல் அதே வரப்பில், அதே புடவையில் போய் உட்கார்ந்தேன். புடவை மாறினால் ஜனங்களுக்கு அடையாளம் தெரியாதாம், ஒருத்தி ஆலோசனை சொன்னாள். அதையும் கேட்டேன். ஒரு நல்ல தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டே, அதைத் தொடாமல் கசப்புத் தண்ணீரில் வரைந்து, கேட்டவர்களுக்கு விற்றேன்.

பெரிய முதலியார்சாவடியில் இருந்து ஒரு காபிக் கடைக்காரப் பெண் கூப்பிட்டாள். நம் ஊர்க் காபிக் கடை மாதிரி நினைக்க வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தரையில் திண்டு போட்டு உட்கார்ந்து, மண் கோப்பையில் குடிக்கிற இடம். சுவரில் என் படங்கள் எட்டை மாட்டினாள். ஒரு சாயங்காலம் வந்து, பார்க்க வருகிறவர்களிடம் பத்து நிமிஷம் பேசச் சொன்னாள். "அக்கா, அந்த ட்ரெடிஷன் பத்திச் சொல்லுங்க," என்றாள்.

இல்லாத வழக்கத்தைப் பற்றி என்ன பேசுவது? வாய் திறந்ததும் தானாகவே வந்தது. அந்தக் காலத்தில் உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்ததும் மிஞ்சின தண்ணீரில் கோலம் போடுவார்கள் என்றேன். என் வீட்டுக்காரரின் அப்பாவைப் பெற்ற ஆயா அதில் கெட்டிக்காரி என்றேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போன் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசியில் சுவரோரம் நின்று தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் திரும்பி வரும்போது பாதி வழியில் ஓரமாக நிறுத்தினார். அப்புறம் சொன்னார். "எங்க ஆயா கையெழுத்தே போடாது. ரேகைதான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாகிவிட்டது. இனி அது வழக்கம் இல்லை என்று சொன்னால் படம் வாங்கினவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தத் தண்ணீரை விட்டால் என்னை யார் பார்ப்பார்கள்? காலையில் எழுந்ததும் போன், டீ போடும்போது போன். வந்திருக்கிற கேள்விகளுக்கெல்லாம் கட்டை விரல் வலிக்க ஒரே பதிலை ஒட்டிக்கொண்டிருந்தேன்: 'நன்றி. இன்பாக்ஸ்ல வாங்க.' இன்பாக்ஸில் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பதில் போடவே நேரம் இருக்காது.

ஆவணியில் ஒரு நாள், கடைக்கு ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். வானூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், வேர்க்கடலை போடுகிற குடும்பம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பெயர் வேண்டாம், வானூர் அம்மா என்றே சொல்கிறேன். போனை நீட்டினார். அதில் ஒரு பெண்ணின் படம். பத்தொன்பது, இருபது வயசு. கல்லூரி ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாயை மூடிச் சிரித்தாள்.

"கலர் பிரிண்ட்டாம்மா? எந்த சைஸ்?" என்றேன், கடைக் குரலில்.

"பிரிண்ட் இல்லம்மா. நீதான வரையற பொண்ணு? நீ வரைஞ்சு குடுக்கணும். எம்பொண்ணு. ஆனி மாசம் காய்ச்சல்ல போயிட்டா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"உன் வீடியோவ எனக்குக் காட்டுவா. எம்மா, நம்ம பக்கத்து ஊருதாம்மா, இவங்க கையால என்னை ஒரு படம் வரையச் சொல்லணும்னுவா. போலாம் போலாம்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன். மல்லாட்ட புடுங்கி முடியட்டும்னேன்." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "அந்தத் தண்ணியிலதான் வரையணும், சரியா? அதத்தான் ஆசப்பட்டா."

அன்று சாயங்காலம் வீட்டில் அந்த முதல் ரீல்ஸின் கீழே இருந்ததையெல்லாம் தேடினேன். அந்தப் பெண்ணின் அதே சிரித்த முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தது. 'அக்கா என்னை ஒரு நாள் வரைவீங்களா?' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே என் பதில்: 'நன்றி. இன்பாக்ஸ்ல வாங்க.' இன்பாக்ஸிலும் போய்ப் பார்த்தேன். வந்திருந்தாள். 'அக்கா நான் வானூர் பக்கம்தான், எப்போ வரட்டும்?' என்று கேட்டிருந்தாள். நான் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெட்கம்.

நல்ல தண்ணீரில் வரைந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எல்லா இடத்திலும் பொய் சொன்னவள், அந்த ஒரு இடத்தில் உண்மையாக இருந்து தொலைத்தேன். புதிதாகப் போய் ஒரு பாட்டில் கசப்புத் தண்ணீர் பிடித்து வந்தேன். ஒன்பது நாள் வரைந்தேன். கண்தான் வரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நல்ல கறுகறு விழி. ஒரு பூச்சு பூசிக் காயவைத்து, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று கண்ணுக்கு மட்டும் ஏழெட்டுப் பூச்சு போட்டேன். லேமினேஷன் மெஷின் சூட்டில் வைத்து வைத்துக் காயவைத்தேன். கண்ணாடி போட்டு, பின்னால் டேப் ஒட்டி, வானூர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பேசப்போறா மாதிரி இருக்குது," என்று மட்டும் சொன்னார். அதை பேஜில் போடவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது.

ஐப்பசி பிறந்தது. உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்புக்குக் கீற்று வேய்ந்துவிட்டு வேலையை நிறுத்தினார்கள். மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காபிக் கடைப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, உங்க படமெல்லாம் வேர்க்குது அக்கா. கண்ணாடிக்கு உள்ளார தண்ணி முத்து முத்தா நிக்குது. ஒண்ணுல கலர் ஒழுகி ஃப்ரேம் வரைக்கும் வந்திடுச்சு." ரொம்ப மரியாதையாகப் பேசினாள். மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டாளாம். பயந்துபோய் வீட்டுக்காரரிடம் ஓடினேன். எட்டுப் படத்துக்காக இல்லை. ஒரு படத்துக்காக.

என் வீட்டுக்காரர், 'அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "போய்ச் சொல்லிடு," என்றார்.

"என்னான்னு சொல்றது?"

"தண்ணி தப்பு, வேற போட்டுத் தரேன்னு சொல்லு. அவ்ளோதான?"

அவ்வளவுதானா? அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். வழக்கம் என்று எதுவும் கிடையாது, அது வெளியே விடுகிற கழிவுத் தண்ணீர், உங்கள் பெண்ணை அதில்தான் வரைந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் வேறு வழி யோசித்தேன். போன் படம் என்னிடம் இருந்தது. நல்ல தண்ணீரில் அதே மாதிரி இன்னொன்று வரைந்து, அதே மாதிரி ஃப்ரேம் போட்டு, கண்ணாடி துடைக்கிற சாக்கில் மாற்றி வைத்துவிட்டு வந்துவிடலாம். வரைந்தேன். முதல் படத்தைவிட நன்றாகவே வந்தது. கொண்டுபோகலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"எம்மா," என்றார் வானூர் அம்மா. "எம்பொண்ணு அழுவறாம்மா."

என்னவோ உளறி போனை வைத்தேன். அதற்குள் அவர் அண்ணன் மகன் ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். 'இறந்த மகளின் படம் கண்ணீர் வடிக்கிறது' என்று எழுதி, வரைந்தவர் என்று என் பேஜையும் சேர்த்திருந்தான். பார்த்தேன். கண்ணுக்குத்தானே ஏழெட்டுப் பூச்சு போட்டேன்? அங்கேதான் கசப்புத் தண்ணீர் அதிகம். அங்கேதான் ஈரத்தை இழுத்திருக்கிறது. இரண்டு கண்ணின் கீழும் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, கன்னத்தில் இறங்கியது. வரைந்த எனக்கே ஒரு கணம் அவள் அழுகிற மாதிரிதான் இருந்தது.

சித்திரையில் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஜனங்கள் வந்தார்கள். எங்க அப்பாவை வரைஞ்சு தாங்க, எங்க தம்பியை, எங்க பாப்பாவை. எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: இதுவும் அழுமா? ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம், சரியாக ஒரு மணி நேரம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்ணிக்கை ஏற ஏறப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு அப்புறம்தான் அந்த வீடியோவை மறுபடி போட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தேன். முடிகிற இடத்தில் ஒரு கை வருகிறது. முந்தானையால் படத்தின் கன்னத்தைத் துடைக்கிறது. கண்ணாடி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துடைக்கத் துடைக்க அந்த முகம் போய்க்கொண்டிருக்கிறது.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, புதுப் படத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. வானூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. எங்கே திரும்பிப் போவது? கடையில் போன், வீட்டில் போன். எங்கே போனாலும் அந்தக் கை துடைத்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டு வீடு. கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் படத்தை வைத்திருந்தார்கள். ஃப்ரேம் இருந்தது, கண்ணாடி இல்லை. இரண்டு கன்னத்திலும் கலர் போய்க் காகிதம் வெளுத்துத் தெரிந்தது. வாயின் ஒரு ஓரம் இல்லை. அந்த மூடிய சிரிப்பில் பாதிதான் மிச்சம். கண் மட்டும் அப்படியே கறுப்பாக, ஈரமாகப் பார்த்தது.

"வாம்மா, மழையில வந்திருக்கியே," என்று துண்டு கொடுத்தார் வானூர் அம்மா. நான் தலையைத் துடைக்கவில்லை. உட்காரவும் இல்லை. பஸ்ஸில் யோசித்து வைத்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, கடகடவென்று சொன்னேன்.

"அம்மா, அது கண்ணீர் இல்லம்மா. நான் கலந்த தண்ணி அது. உப்பு வாரிட்டு வெளிய விடுற கசப்புத் தண்ணி. அது காயாது, மழை வந்தா கசியும். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். எங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாது. நானா சொன்ன பொய். நீங்க துடைக்காதீங்க. துடைச்சா மொகம் போயிடும். இதோ, நல்ல தண்ணியில வேற வரைஞ்சு கொண்டாந்திருக்கிறேன். இது ஒண்ணும் ஆவாது."

இன்னொன்றும் பாக்கி இருந்தது. "உங்க பொண்ணு எனக்கு மெசேஜ் போட்டிருந்துச்சு. எப்போ வரட்டும்னு கேட்டிருந்துச்சு. நான் பார்க்கல." அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவர் புதுப் படத்தைப் பையிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்குது," என்றார். பழைய படத்துக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்தார். இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குள் பழைய படத்தில் வலது கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு திரள ஆரம்பித்தது.

"செத்தவ அழுவ மாட்டான்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எதுனா கலர்தான் ஒழுவுதுன்னு அன்னைக்கே எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா துடைக்கிறீங்க?"

"ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாளு என்ன உள்ள வுடல. கண்ணாடிக்கு அந்தாண்ட படுத்திருந்தா. வாயில குழாய் வச்சிருந்தாங்க, பேச முடியல. என்னப் பாத்து அழுதா. இங்க இருந்து," தன் கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டினார், "காது வரைக்கும் ஒழுவுது. ஒருத்தரும் துடைக்கல. நான் இந்தாண்ட நின்னு கண்ணாடியத் தட்டிக்கினே இருந்தேன்."

சொட்டு கன்னத்தில் இறங்கியது. அவர் முந்தானையை எடுத்து ஒற்றினார். ஒற்றின இடத்தில் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

"அதான் கண்ணாடியக் கழட்டிட்டேன்," என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மொகம் போயிடுமே அம்மா, இப்படியே துடைச்சா ஒரு மாசம்கூட வராதே என்று மறுபடியும் சொன்னேன். "போனா நீ வந்து திரும்ப வரைஞ்சு குடு," என்றார், மருந்துக் கடையில் மாத்திரை கேட்கிற மாதிரி. "அதே தண்ணியிலதான். வேற தண்ணி வேணாம்."

வீட்டுக்கு வந்து பேஜில் எல்லாவற்றையும் சொல்லி ஒரு வீடியோ போட்டேன். வழக்கம் என்று சொன்னது பொய், அந்தத் தண்ணீர் காயாது, வாங்கினவர்கள் திருப்பி அனுப்பினால் நல்ல தண்ணீரில் வரைந்து தருகிறேன் என்றேன். 'எவ்ளோ நேர்மை அக்கா' என்று ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள். அதே மூச்சில், 'அழுவுற படம் எப்போ தருவீங்க?' என்றார்கள். பேஜை மூடிவிடலாம். ஆனால் படம் வாங்கினவர்கள் என்னைத் தேடி அங்கேதான் வர வேண்டும். அந்தப் பெண் கேட்ட கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. அதனால் மூடவும் முடியவில்லை, எதையும் புதிதாகப் போடவும் முடியவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

உப்பளத்தில் இப்போது வேலை இல்லை. மழைத் தண்ணீர் எல்லாப் பாத்தியிலும் ஒரே மாதிரி நிற்கிறது. கசப்புத் தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் முழித்தபோது, என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கேனைத் தூக்கிவந்து வைத்தார். கடைசி விளைச்சலில் பிடித்து வைத்ததாம். எதற்குப் பிடித்தார் என்று கேட்டேன். "உனக்குத்தான், வேற யாருக்கு? நீ எங்க இத வுடப்போற," என்றார். அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வானூர் பஸ் ஏறினேன்.

கூடத்து ஸ்டூலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதலில் இரண்டு கன்னத்தையும் போட்டேன். அப்புறம் அழிந்த வாய் ஓரம். பக்கத்தில் நல்ல தண்ணீர்ப் படம் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் இதை வரைந்தேன். முடித்து நிமிர்ந்தபோது வானூர் அம்மா என் பக்கத்திலேயே குந்தியிருந்தார். முந்தானை கையில் தயாராக இருந்தது.

"கொஞ்ச நேரம் பொறுங்கம்மா," என்றேன். "இன்னும் காயல."

"அது எங்க காயப்போவுது," என்றார்.